கோட்டு வெளியே, டோக்கன் உள்ளே

அத்தியாயம் ஏழு

புதுமைப் பூங்கா என்ற அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்தின் வாசல் கதவில் பெயின்ட் இன்னும் காயவில்லை. அது தெரியாமல் நான் தோளால் தள்ளித் திறந்தேன். தலைநகரத்திலிருந்து பார்வையிடக் கமிஷன் வருகிறது என்றால் எங்கள் ஊரில் முதலில் திறப்பது பெயின்ட் டப்பாவைத்தான். வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. அந்தக் குளிரில் எந்தப் பெயின்ட் காயும்? என்னிடம் இருந்த ஒரே நல்ல கோட்டின் தோள்பட்டை இப்போது வானநீலம், எங்கள் கொடியின் நிறம்.

"பாருங்கக்கா, நாட்டுப்பற்று தோள்ல ஏறிடுச்சு," என்றேன்.

நகிமா அக்கா சிரிக்கவில்லை. காரகாந்தா நகரப் போலீஸில் கொலை வழக்குகளாகப் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்றவர். சிரிப்பு பென்ஷனோடு சேர்த்து வரவில்லை போலிருக்கிறது. இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். அதில் மூளை அவருடையது, கார் என்னுடையது. என் பெயர் தோக்தார். முன்பு டாக்சி ஓட்டினேன். இப்போதும் அதையேதான் செய்கிறேன், மீட்டர் மட்டும் இல்லை.

வந்த வேலை இதுதான். ஒராஸ்பாய் என்று ஒரு சுரங்க இன்ஜினியர். ஆயுசு பூராவும் நிலக்கரியோடு கிடந்தவர். அவரும் மகன் தௌரெனும் சேர்ந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு கருவி செய்தார்கள். தொழிலாளி அதை நெஞ்சில் மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். மீத்தேன் வாயு ஏறினால் அது அலறும். அலறினால் ஓடிவந்துவிடலாம். அரசாங்கத்தின் புதுமைத் திட்டத்தில் அதற்குத்தான் முதல் பரிசு. வெளிநாட்டுக்காரன் செய்த கருவியை இனி நம்பி இருக்க வேண்டாம், நம் நாட்டுச் சரக்கே உலகத்தோடு போட்டி போடும் என்று டிவியில் கத்தினார்கள். வரும் திங்கட்கிழமை பழைய வெளிநாட்டுக் கருவிகளைக் கழற்றிவிட்டு, சாரிசாய் சுரங்கத்து ஆட்கள் அத்தனை பேர் நெஞ்சிலும் இதை மாட்டப் போகிறார்கள்.

ஒராஸ்பாயைத்தான் போன வாரத்திலிருந்து காணோம்.

புதுமைப் பூங்காவின் இயக்குநர் சபர்கலி, ஒராஸ்பாயோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். "கமிஷன் கூத்து அவனுக்குப் பிடிக்கல. பல்காஷ் ஏரிக்கு மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னான். பனிக்கட்டியில ஓட்டை போட்டு உக்காந்திருப்பான். அங்க போன் எடுக்காது," என்றார். எல்லோரும் நம்பினார்கள். மகன் நம்பவில்லை. எங்கள் ஆபீஸ் கதவைத் தட்டினான்.

நான் மகனை நம்பவில்லை.

"வேலை குடுத்தவனே வேலைய முடிச்சவனா இருந்தா என்னக்கா பண்றது? அப்பன் இல்லன்னா பரிசு, பேரு, கம்பெனி எல்லாம் இவனுக்கு. நம்மள வெச்சுத் தேடுற மாதிரி காட்டினா ஊரு கேள்வி கேக்காது. பய கண்ணையே பாருங்க, மூணு நாள் தூங்காத கண்ணு."

"தூங்காதவன் எல்லாம் கொலைகாரன்னா உன்னை விட்டுடலாம். கார் ஓட்டும்போதே தூங்குற. முதல்ல கோட்டக் கழட்டிக் குடு."

கோட்டோடு உள்ளே போக முடியாது. கோட்டு வாங்கி வைக்கும் கவுன்டரில் ல்யூபா என்ற பெரியம்மா, எல்லைக்காவல் படையில் இருக்க வேண்டியவர். என் கோட்டை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன, பெயின்டா? மத்த கோட்டுல ஒட்டாதா?"

"ஒட்டும் பெரியம்மா. அதுக்குப் பேருதான் புதுமை பரவுறது."

முறைத்துக்கொண்டே கோட்டைக் கொக்கியில் மாட்டி, அந்தக் கொக்கியில் தொங்கிய பித்தளை டோக்கனைக் கழற்றி என் முன்னால் வைத்தார். நான் எடுத்துக்கொண்டு நடந்தேன். அக்கா நகரவில்லை. கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கொக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். சுவர் முழுக்கக் கொக்கி. கோட்டு தொங்கும் கொக்கியில் டோக்கன் இல்லை. டோக்கன் தொங்கும் கொக்கியில் கோட்டு இல்லை. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"ஜன்னல் ஓரத்துல இருக்கே, அது யாரு கொக்கி?" என்றார் அக்கா.

அந்த ஒரு கொக்கியில் மட்டும் கோட்டும் இல்லை, டோக்கனும் இல்லை.

"ஒராஸ்பாய் ஐயாவோடது," என்றார் ல்யூபா. "எப்பவும் அங்கதான் மாட்டுவாரு. கோட்ட எடுத்துக்கிட்டுப் போனவரு டோக்கன வெக்காமப் போயிட்டாரு. புதுசா செஞ்சு வாங்க நான் யாருகிட்டப் போய் நிக்கிறது?"

"நீங்கதான் கோட்ட எடுத்துக் குடுத்தீங்களா?"

"டீ குடிக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா கோட்டக் காணோம். அவரா எடுத்துக்கிட்டாரு போல."

"எப்பவும் இப்படித்தான் மறந்துட்டுப் போவாரா?"

"அவரா? அவரு கொக்கியில டோக்கன் நேராத் தொங்குதான்னு ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் வாசல் தாண்டுவாரு." சொல்லிவிட்டு ல்யூபா தானே ஒரு நொடி யோசித்தார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டார்.

நாங்கள் நடைகூடத்தில் கொஞ்ச தூரம் போனோம். இரண்டு பக்கச் சுவரிலும் திட்டத்தின் படங்கள்: சிரிக்கும் இளைஞர்கள், பறக்கும் எந்திரங்கள், மேலே மேலே போகும் அம்புக்குறிகள்.

"கோட்டு வெளிய போயிருக்கு," என்றார் அக்கா மெதுவாக. "டோக்கன் போகல."

"அதனால?"

"கோட்ட எடுத்தவன் கையில டோக்கன் இல்ல தோக்தார். இருந்திருந்தா கொக்கியில மாட்டிட்டுப் போயிருப்பான், யாருக்கும் சந்தேகம் வராது. டோக்கன் இன்னும் ஒராஸ்பாய் பாக்கெட்டுலதான் இருக்கு. அப்படின்னா அந்த மனுஷன் கோட்டு இல்லாம எங்கியோ இருக்காரு."

"இந்தக் குளிர்லயா? கோட்டு இல்லாம எங்கக்கா இருக்க முடியும்?"

"கோட்டு தேவைப்படாத இடத்துல."

அதற்குப் பிறகு சிறிது நேரம் நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

மண்டபத்தில் செயல்விளக்கம் நடந்துகொண்டிருந்தது. மேடையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கருவி. தௌரென் குழாயைத் திருகினான். வாயு உள்ளே போனது. கருவி சிவப்பாகி, காது கிழிய அலறியது. ஜனம் கைதட்டியது. முதல் வரிசையில் இருந்த தல்கத் எழுந்து நின்று தட்டினார். தலைநகரக் கமிஷனின் தலைவர் அவர். நாற்பதைத் தாண்டியவர், சூட்டு மடிப்புக் கலையாதவர், எங்கள் ஊர்ப் பனியைப் பார்த்ததும் முகம் சுளித்தவர். மைக்கைப் பிடித்து, உலகப் போட்டியில் நம் நாடு எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று பேசினார். அந்த இடத்துக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் இந்தக் கருவி நிற்கிறதாம். பக்கத்தில் நின்ற சபர்கலியின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்.

தௌரென் மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தான். பரிசு வாங்கியவன் முகம் மாதிரியே இல்லை.

"ஏதாவது தெரிஞ்சுதாக்கா?"

"உங்கப்பா இந்தக் கருவிய எங்க வெச்சு சோதிச்சாரு?"

"இங்க தொட்டியில நான் பாப்பேன். அப்பா பின்னாடி பழைய பயிற்சிச் சுரங்கத்துல பாப்பாரு. இந்தக் கட்டடமே முன்னாடி சுரங்க ஆபீஸ்தானே. கீழ கொஞ்ச தூரத்துக்குப் பாதை இன்னும் அப்படியே இருக்கு."

"கீழ போகும்போது என்ன போட்டுக்குவாரு?"

"பஞ்சு வெச்ச ஜாக்கெட்டு. சுரங்க வாசல்ல ஒரு அறையில தொங்கும். நல்ல கோட்டோட போனா கரி ஆயிடுமே." அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். அந்த இடத்துக்குச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"சபர்கலி அண்ணன்கிட்ட ஒண்ணு. எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு, போன வாரம் ரிப்பேர்னு சொல்லிப் பூட்டையே மாத்திட்டாங்க." சட்டென்று அவன் குரல் தாழ்ந்தது. "அப்பா பல்காஷ்லதான் இருப்பாருக்கா. பெரிய மீனோட வந்து நிப்பாரு. அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

நான் அக்காவின் பக்கம் சாய்ந்து, "சாவி இவன்கிட்டயும் இருந்திருக்கு, பாத்தீங்களா?" என்று கிசுகிசுத்தேன். அக்கா என் காலை மிதித்தார். பூட்ஸ் காலால்.

சபர்கலியிடம் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. வெள்ளை முடி, அகலமான தோள், பேச்சில் நிதானம். ஊரில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் முறை தெரியாதவர்கள் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். யாரை எங்கே உட்கார வைப்பது, பந்தியில் யாருக்கு எந்த எலும்புக் கறி, யார் ஆசி சொல்வது, எல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

"கீழ ரிப்பேரும்மா. வாயு தேங்கி நிக்குது. இன்னிக்கு விருந்தாளிங்க வந்திருக்கற நேரத்துல எப்படித் திறக்கறது? கமிஷன் கிளம்பட்டும், மேலிடத்துல உத்தரவு வாங்கிட்டு நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப வாங்க, பந்தி ஆறிடும்."

"உடைச்சிடலாமாக்கா?" என்றேன் அவர் போனதும்.

"எதை வெச்சு? ஒரு டோக்கன் இல்லன்னு சொன்னா அரசு வக்கீல் சிரிப்பான். அதுவும் அரசாங்கக் கட்டடம், கமிஷன் வந்திருக்கற நாளு. ஒருத்தன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரணும் தோக்தார். வா, சாப்பிடலாம்."

விருந்து மாடியில், மதிய வெளிச்சத்தில். வாசலுக்கு எதிர்ச்சுவர் ஓரமாக இருந்த மரியாதை இடத்தில் தல்கத். அவருக்கு ஒரு பக்கம் தௌரென், இன்னொரு பக்கம் சாரிசாய் சுரங்கத்து மேலாளர். மேலாளர் தலை நரைத்த மனிதர், அதிகம் பேசாதவர், விரல் நகங்களில் நிலக்கரி நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. அப்புறம் இன்ஜினியர்கள், அதிகாரிகள், வாசல் ஓரமாக நாங்கள். பொரித்த பௌர்சாக் ரொட்டியும், பால் ஊற்றிய டீயும், உலர்ந்த திராட்சையும் வந்தன. எனக்கு நல்ல பசி. துக்கத்திலும் பயத்திலும் வயிறு மட்டும் தன் வேலையைப் பார்க்கும், வெட்கம் கெட்டது.

வேகவைத்த கறியை மாவுப் பட்டைகள்மேல் குவித்த பெஷ்பர்மாக் தட்டுகள் ஆவி பறக்க வந்தன. அதற்கு முன்னால், தனித் தட்டில், வேகவைத்த ஆட்டுத்தலை. சபர்கலி வேறு யாரையும் தொடவிடாமல் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தலையின் முகம் தல்கத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"தலைநகரத்து விருந்தாளி. முறைப்படி உங்களுக்குத்தான்."

தல்கத் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். "ஐயோ அண்ணே, மாட்டி விட்டுடாதீங்க. எங்கப்பா நல்லா குதிரை மாதிரி இருக்காரு. அப்பா உயிரோட இருக்கறவன் ஆட்டுத்தலையில கத்தி வெப்பானா? தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சபர்கலியின் முகம் சிவந்துபோனது. இந்தத் தவறு அவர் செய்யக்கூடிய தவறு இல்லை. விருந்தாளியின் வீட்டு நிலவரத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டியவர். கொஞ்ச நாளாக அவர் நிலையில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மன்னிச்சுக்கணும், மன்னிச்சுக்கணும்," என்று பதறியபடி தட்டை அவசரமாகத் தூக்கினார். ஒரு கணம் பந்தி முழுவதையும் பார்த்தார். பிறகு தட்டைத் தௌரெனின் முன்னால் வைத்தார்.

"இன்னிக்கு ஜெயிச்சவன் நீ. நீ வெட்டு தம்பி."

தௌரென் தலையைப் பார்த்தான். சபர்கலியைப் பார்த்தான். அவன் உதட்டில் ஒரு குழப்பமான சிரிப்பு வந்தது.

"அண்ணே, எங்கப்பாவும் இருக்காரே."

சின்னக் குரல்தான். ஆனால் பந்தியின் அந்தக் கோடி வரை கேட்டது. ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன டீக்கிண்ணத்தைக் கீழே வைத்தார். சபர்கலியின் கைகள் இன்னும் தட்டின் விளிம்பில் இருந்தன. அவற்றை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா எழுந்தார்.

"அவனுக்கு ஏன் குடுத்தீங்க ஐயா?"

"ஒரு... வாய்தவறி... கைதவறி..."

"உங்க கை தவறாதே. ஊருக்கே முறை சொல்லிக் குடுக்கற கை. விருந்தாளி தன் அப்பா இருக்காருன்னு சொன்னதும், அப்பா இல்லாதவன் யாருன்னு பந்தியில தேடுனீங்க. பக்கத்துலயே மேலாளர் இருக்காரு. வயசுல பெரியவரு. அவங்கப்பா போய்ச் சேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். தட்டு அவருக்குத்தான் போயிருக்கணும். அவரத் தாண்டி இந்தப் பையன்கிட்ட வந்துச்சு. ஏன்னா உங்க மனசுல இந்த வாரம் பூரா உக்காந்திருக்கறது ஒரே ஒரு அப்பா இல்லாத பிள்ளைதான்."

"அக்கா, என்ன சொல்றீங்க?" தௌரென் எழுந்துவிட்டான். "அண்ணே? இவங்க என்ன சொல்றாங்க? அப்பா பல்காஷ்லதானே? நீங்கதானே சொன்னீங்க?"

சபர்கலி அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆட்டுத்தலையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். நான் நிறையப் பேர் குற்றத்தை ஒப்புக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை.

"அந்தக் கருவி அடிக்காதுன்னு ஒராஸ்பாய் சொன்னான். தொட்டியில அடிக்குது, சுரங்கத்துல ஈரக் கரித்தூசி படிஞ்சா அதுக்கு மூக்கு அடைச்சுப் போகுது, கமிஷன்கிட்டச் சொல்லித் திரும்ப வாங்கிக்கறேன்னான். எப்படித் திரும்ப வாங்கறது? டிவியில சொல்லியாச்சு. நம்ம வட்டாரத்துலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் தேறியிருக்கு. அது இல்லன்னா இந்தப் பூங்காவ இழுத்து மூடிடுவாங்க. சண்டை போட்டோம். கீழ போய்க் காட்டறேன், வந்து பாருன்னான். பழைய வெளிநாட்டுக் கருவியையும் பாதுகாப்புக்கு எடுத்துக்கிட்டான்." அவர் நிறுத்தினார். "அதை நான்தான் அவன் கையிலேர்ந்து வாங்கி வெச்சேன். நீ செஞ்சத நீயே நம்பலன்னா நாடு எப்படிடா நம்பும்னு கேட்டேன். அவனுக்கு ரோஷம் வந்துடுச்சு. தன்னோடத மட்டும் நெஞ்சுல மாட்டிக்கிட்டுப் போனான்."

அவர் தட்டின் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"வாசல்ல நின்னேன். கூப்பிட்டேன். பதில் இல்ல. கொஞ்ச தூரம் போய் டார்ச் அடிச்சுப் பாத்தேன். சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். நெஞ்சுல அது பச்சையா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அடிக்கவே இல்ல. எனக்கே தலை சுத்துச்சு, ஓடி வந்துட்டேன். அப்புறம் பூட்டிட்டேன். அவன் கோட்ட எடுத்து என் கார்ல போட்டேன்."

"மீட்புப் படையக் கூப்பிட்டீங்களா?" என்றார் அக்கா.

"அவன்தான் போயிட்டானே."

"யாரு பாத்தது? நீங்க டாக்டரா? நாடி பிடிச்சுப் பாத்தீங்களா?"

இத்தனை நாளும் அந்தக் கேள்வி ஒரு தடவைகூட சபர்கலிக்குள் எழும்ப அவர் விடவில்லை என்று நினைக்கிறேன். இப்போது எழும்பிவிட்டது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே சமயம் பார்க்கவும் முடியவில்லை. தௌரெனைச் சந்தேகப்பட்ட என் நாக்கை நினைத்தாலும் அருவருப்பாக இருந்தது.

தௌரென் அழவில்லை. "பச்சையா எரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டான். "அதுக்கு நிறம் குறிச்சது நான்தான். பச்சைன்னா பயம் இல்லன்னு அர்த்தம்."

அக்கா போனை எடுத்து மீட்புப் படைக்கு எண்ணை அழுத்தினார். அதற்குள் தல்கத் கையை உயர்த்திவிட்டார். அவர் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, ஆனால் நிதானம் திரும்பியிருந்தது. படித்த, பழகிய நிதானம்.

"கொஞ்சம் பொறுங்க. எல்லாரும் உக்காருங்க. ரொம்ப வருத்தமான விஷயம், யாரு இல்லன்னு சொன்னா? குடும்பத்துக்கு என்ன உதவி வேணும்னாலும் செய்யலாம். ஆனா ஒண்ணு. திங்கக்கிழமை அமைச்சர் வர்றாரு. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. இது ஒரு ஆளு விஷயம் இல்ல, நாட்டோட பேரு. கருவியில சின்னச் சின்னக் குறை இருந்தா அப்புறமா சரி பண்ணிக்கலாம், எல்லா நாட்டுலயும் அப்படித்தான் பண்றாங்க. விழா முடியட்டும். அதுவரைக்கும் இந்த அறைக்குள்ளயே இருக்கட்டும்."

"அதுவரைக்கும் அந்த மனுஷன் கீழயே இருக்கட்டுமா?" என்றேன் நான்.

"நீங்க யாரு?"

"டிரைவர்."

"அப்ப காரப் பாருங்க."

அக்கா அவரைக் கண்டுகொள்ளாமல் போனில் பேசினார். மீட்புப் படை கிளம்பிவிட்டது. ஆனால் தல்கத்தும் தன் போனை எடுத்துவிட்டார். ஒரே ஒரு அழைப்பில் அந்த வண்டியை வாசலிலேயே நிறுத்த அவரால் முடியும். அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இன்ஜினியர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் வேலை இந்தப் பூங்காவில்தான். சாரிசாய் மேலாளர் மட்டும் மாறி மாறி எல்லோர் முகத்தையும் பார்த்தார். திங்கட்கிழமை கீழே இறங்கப் போவது அவருடைய ஆட்கள்.

அப்போது தௌரென் உட்கார்ந்தான். மெதுவாக, பந்தியில் உட்காரும் முறைப்படி, காலை மடித்து உட்கார்ந்தான். ஆட்டுத்தலைத் தட்டை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தான். கத்தியை எடுத்தான்.

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்து ஒரு விம்மல் வெளியே வந்தது. தன் அப்பா இறந்துவிட்டார் என்று அவன் அழுது சொல்லியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தல்கத்கூடப் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டார். தலை வெட்டுகிறவன் கத்தியைக் கீழே வைக்கும் வரை யாரும் எழுந்து போவதில்லை, குறுக்கே பேசுவதில்லை. சூட்டு போட்டிருந்தாலும் அவரும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

தௌரென் கன்னத்திலிருந்து ஒரு துண்டு வெட்டித் தன் வாயில் போட்டுக்கொண்டான். கஷ்டப்பட்டு விழுங்கினான். இன்னொரு துண்டு வெட்டி மேலாளரின் தட்டில் வைத்தான்.

"அண்ணே, உங்க ஆளுங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. இத எங்கப்பாவும் நானும் செஞ்சோம். இது அடிக்காது. பழசையே மாட்டிக்கிட்டு இறங்கச் சொல்லுங்க. யாரு வந்து என்ன சொன்னாலும் கழட்ட வேணாம்."

மேலாளர் துண்டை எடுத்து நெற்றிக்கு நேராக உயர்த்திவிட்டுச் சாப்பிட்டார். "கழட்ட மாட்டாங்க," என்றார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

பிறகு தௌரென் தலையைத் திருப்பி வைத்து, வலது காதை அடியோடு அறுத்தான். நான் திடுக்கிட்டேன். காது சின்னப் பிள்ளைகளுக்கு உரியது. பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளரட்டும் என்று பந்தியில் இருக்கும் வாண்டுகளைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பந்தியில் பிள்ளைகள் யாரும் இல்லை.

அவன் அந்தக் காதைக் கத்தி முனையில் எடுத்து, தலைநகரக் கமிஷன் தலைவரின் தட்டில் வைத்தான்.

"சாப்பிடுங்க," என்றான்.

தல்கத்தின் முகம் வெளுத்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம். அப்படிச் செய்தால் இந்த வட்டாரத்தில் எந்த வீட்டுப் பந்தியிலும் இனி அவருக்கு இடம் இருக்காது. அவருடைய அப்பாவின் வீட்டிலும்தான். சுற்றிலும் பார்த்தார். இன்ஜினியர்கள் இப்போது தட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள்.

கீழே வாசலில் மீட்பு வண்டியின் சைரன் கேட்டது. யாரும் அதை நிறுத்தவில்லை.

தல்கத் போனைக் கவிழ்த்து வைத்தார். காதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.